கழுத்துக்குக் கீழே

பொய் சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம். அந்தப் பொய்க்குத் தாடி வைத்தாள் பாருங்கள் சின்னவள், அதுதான் வினையாகிவிட்டது.

சென்ற வாரம் பார்த்தோம். உறவினர்கள் நிறைந்திருந்த கூடத்தில் பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் வீட்டுக்காரர் துணிமணியை எல்லாம் இவதான் முதியோர் இல்லத்துல கொண்டுபோய்ச் சேர்த்தா. தாடி வெச்ச ஒரு தாத்தா அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு, தாடியை நீவி விட்டுக்கிட்டாராம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. சின்னவள் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குள் நழுவிவிட்டாள்.

அவள் எந்த முதியோர் இல்லத்தின் வாசலையும் மிதித்ததில்லை. தாத்தாவும் கிடையாது, தாடியும் கிடையாது.

இந்தக் குடும்பத்துக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அண்ணன் தம்பி இருவர். அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். போன வருடம் ஒரு காலையில் கடைக் கதவைத் தூக்கியவர் அங்கேயே உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவிதான் பெரியவள். இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது அவள்தான். தம்பி, லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அவர் மனைவி நம் சின்னவள். ஓரகத்திகள் என்றால் முறைத்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது? சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில் பாத்திரத்தைக் கருக்கினால், "நான்தான் அடுப்பைக் கவனிக்கலை" என்று மாமியாரிடம் திட்டு வாங்கிக்கொண்டவள் பெரியவள்.

அந்தப் பெரியவள், கணவர் போன சில மாதங்களில், ஒரு நாள் அலமாரியைக் காலி செய்தாள். எல்லாவற்றையும் இரண்டு பெரிய பைகளில் திணித்துக் கட்டினாள். "ஏதாவது இல்லத்துல குடுத்துடு. இனிமே இதெல்லாம் என் கண்ணுல படக் கூடாது" என்று சின்னவளிடம் கொடுத்தாள்.

சின்னவளும் கொடுக்கத்தான் நினைத்தாள். அதை நாம் நம்பலாம்.

ஆனால் அப்போது அவளுக்கு ஒரு பித்துப் பிடித்திருந்தது. பழைய துணிகளைப் படம் எடுத்து, கைபேசிச் செயலியில் போட்டு விற்கிற பித்து. விடுதியில் தங்கிப் படிக்கிற மகளுக்குச் சின்னதாகிப்போன உடைகளில் ஆரம்பித்தாள். முதல் படங்கள் பார்க்கச் சகிக்கவில்லை. தரையில் விரித்த துணி, மேலே குழல் விளக்கு, ஓரத்தில் இவளுடைய கால் கட்டைவிரல். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு பழகிக்கொண்டாள். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் வந்தாள். வெயில் நேரே அடித்தால் மெல்லிய வெள்ளைத் துணியை ஜன்னலில் கட்டினாள். சுவரில் சுருக்கமில்லாத விரிப்பு ஒன்றை மாட்டினாள். ஒட்டுநாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு துணியில் இருக்கிற பஞ்சையும் முடியையும் ஒற்றி எடுத்தாள். முன்பக்கம், பின்பக்கம், கழுத்துப் பட்டை, கடைசியாகத் துணியில் என்ன குறையோ அது. குறையை மட்டும் அவள் மறைத்ததே இல்லை. கறையென்றால் கறை, பிரிந்த தையலென்றால் பிரிந்த தையல், கிட்டே போய்ப் பளிச்சென்று எடுப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஜனங்கள் வாங்கினார்கள். வாங்கியதைவிட, பாராட்டினார்கள். "படத்தில் பார்த்தது போலவே இருக்கிறது." "கடைக்காரர்கள் உங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்." காப்பீட்டு அலுவலகத்தில் இத்தனை வருடமாகக் கோப்பு அடுக்குகிறாள். அங்கே ஒருவரும் நன்றாக அடுக்கினாய் என்று சொன்னதில்லை. முகம் தெரியாதவர்களின் அந்த ஒரு வரிக்காக அவள் கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

வீட்டில் விற்கிறதற்குத் துணி தீர்ந்துபோனது. கூடத்தில் இரண்டு பைகள் இருந்தன.

ஒரே ஒரு சட்டை, படம் எப்படி வருகிறதென்று பார்ப்பதற்கு மட்டும். அப்படித்தான் ஆரம்பித்தாள். கொக்கியில் மாட்டி எடுத்தால் ஆண்களின் சட்டை உயிரில்லாமல் தொங்கியது. யாராவது போட்டுக்கொண்டு நின்றால் எடுப்பாக இருக்கும். யாராவது என்றால் வீட்டில் யார் இருக்கிறார்? கணவரிடம் சொன்னாள்: "அண்ணிதான் விக்கச் சொல்லிக் குடுத்தாங்க. பணமும் அவங்களுக்குத்தான். ஆனா நீங்க அதைப் பத்தி அவங்ககிட்டப் பேசாதீங்க, மனசு நோகும்."

அவர் நம்பினார். அண்ணியிடம் பேசவில்லை. பணம் நீராவி இஸ்திரிப்பெட்டியாகவும் பொட்டலம் கட்டுகிற உறைகளாகவும் மாறியது. பைகள் இளைத்துக்கொண்டே வந்தன.

பெரியவளிடம் ஒரு பொய், கணவரிடம் ஒரு பொய். இரண்டும் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதே அவளுக்குப் பெரிய வேலையாகப் போயிற்று. சென்ற வாரம் கூடத்தில் பெரியவள் தாத்தா கதையைச் சொன்னபோது கணவர் ஏதோ ஒரு லிஃப்டைப் பழுது பார்க்கப் போயிருந்ததால் தப்பித்தாள்.

சரி, இந்த வாரத்துக் கதைக்கு வருவோம்.

சனிக்கிழமை காலை. ஒரே ஒரு சட்டை மிச்சம். வெளிர் நீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. அதைச் செயலியில் போட்டு இரண்டு நாளாயிற்று. காலையில் ஒரு செய்தி வந்திருந்தது. அனுப்பியவருக்குப் பெயரில்லை, படமில்லை. 'புதிய பயனர்' என்று மட்டும் இருந்தது.

"நீலச் சட்டை இருக்கிறதா?"

"இருக்கிறது."

"இன்னும் ஒரு படம் வேண்டும். அதே ஆள் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நிமிர்ந்து நிற்க வேண்டாம். இடது தோளைத் தூக்கச் சொல்லாதீர்கள்."

சின்னவள் அதை இரண்டு முறை படித்தாள்.

கணவருக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். குடும்பத்துத் தோள் அது, அண்ணனுக்கும் அப்படித்தான். சட்டை கோணலாகத் தெரியுமே என்று ஒவ்வொரு தடவையும், "தோளைத் தூக்குங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லித்தான் எடுப்பாள். நீலச் சட்டையில் ஒரு படத்தில் மட்டும் அவர் மறந்து தோளைத் தளர்த்திவிட்டார். வெளிச்சம் நன்றாக விழுந்திருந்ததால் அந்தப் படத்தையும் சேர்த்திருந்தாள்.

"என்னங்க, இன்னொரு போட்டோ எடுக்கணும். சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க."

அவர் வந்தார். தோள் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தோளைப் பத்தி எதுக்கும்மா கேக்கறாங்க? அவங்க என்ன தையல்காரங்களா?"

"வாங்கறவங்க ஆயிரம் கேப்பாங்க. ஒருத்தர் பித்தானை எண்ணிச் சொல்லச் சொன்னாரு."

அவர் விரிப்புக்கு முன்னால் நின்றார். முதலில் எல்லாம் கல்லுப்பிள்ளையார் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்பார். அண்ணன் சட்டையை மாட்டிக்கொள்ளவே கை கூசியது. இப்போது அப்படி இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், கையால் முன்பக்கத்தைத் தடவிவிட்டுக்கொள்வார்.

"இதுதான் கடைசியா?"

"ஆமாங்க."

"இதை நானே வெச்சுக்கட்டுமா?"

சின்னவள் நாற்காலிமேல் புத்தகங்களை அடுக்கிக் கைபேசியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"எனக்குப் பெருசா இருக்கும்னு நெனச்சேன்" என்றார் அவர். "அளவெடுத்தாப்பல இருக்கு. அண்ணன் கடைக்கு இதைத்தான் அதிகமாப் போட்டுக்கிட்டுப் போவார்."

"விக்கச் சொல்லிக் குடுத்ததை நாமளே எடுத்துக்கிட்டா அண்ணி என்ன நெனைப்பாங்க?"

"அதுவும் சரிதான்" என்றார் உடனே. கேட்டதற்கே வெட்கப்பட்டவர் போல் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார்.

அவள் முகம் சூடானது. எந்த அண்ணியின் பெயரைச் சொல்லி அவர் வாயை அடைத்தாளோ, அந்த அண்ணி இந்த ஒரு சட்டையைக் கேட்டிருந்தால் கையில் கொடுத்துக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். சின்னவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

அந்த நேரம் பார்த்துக் கைபேசி மணியடித்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது.

அவள் அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

"சொல்லுங்கக்கா."

"வேலையா இருக்கியாம்மா?"

"இல்லக்கா, சும்மாதான்."

"நாளைக்கு அந்த இல்லத்துக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரலாமா? அந்தத் தாத்தாவுக்குக் கண்ணு எப்படித் தெரியுதோ என்னவோ. கடையில ஒரு நல்ல ஃப்ரேம் எடுத்து வெச்சிருக்கேன். பவர் பார்த்துப் போட்டுக் குடுத்துடலாம்."

 சின்னவள் குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொல்லியிருக்கலாம். கதையை எழுதுகிற எனக்கே, சொல்லிவிடேன் என்று அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"அவர் இப்ப அங்க இல்லக்கா" என்றாள்.

"இல்லையா?"

"பேரன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாராம். வெளியூராம்."

 பெரியவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"சட்டையை எடுத்துக்கிட்டுப் போனாராமா?"

"போட்டுக்கிட்டே போனாராம்க்கா."

"சரிம்மா" என்றாள் பெரியவள். "எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

பேச்சு முடிந்தது. சின்னவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். கணவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு எங்க போயிட்டாங்க?"

"ஆபீஸ்ல ஒருத்தர். நீங்க நில்லுங்க."

அவர் நின்றார். இடது தோள் தன்பாட்டுக்கு இறங்கியது. ஒரு கை பாக்கெட் பக்கம் போய் எதையோ தேடுவது போல் நின்றது. அவள் எடுத்தாள். நல்ல படம். சட்டையின் நீலம் நீலமாகவே வந்திருந்தது. வழக்கம்போல் கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு அனுப்பினாள்.

பதில் வர நேரமாயிற்று.

"போதும். நேரில் வாங்கிக்கொள்கிறேன். சாயங்காலம் பேருந்து நிலையக் காத்திருப்புக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள்."

விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒரு கேள்வியும் இல்லை. நல்ல வாடிக்கையாளர் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். இந்தச் சட்டையும் போய்விட்டால் பைகள் இரண்டையும் மடித்துப் பரணில் போட்டுவிடலாம். தாத்தாவும் வெளியூர் போய்விட்டார். இனிமேல் யாரையும் எதையும் சொல்லி ஏமாற்ற வேண்டியதில்லை. இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு சட்டையை மடித்து, உறையில் போட்டு, கிளம்பினாள்.

காத்திருப்புக் கூடத்தில் கூட்டம் அதிகமில்லை. ஜன்னலோரத்து பெஞ்சில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள்.

சின்னவளுடைய கை முதலில் செய்த வேலை, உறையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது. தற்செயலாக வந்திருப்பாள், ஏதோ பேருந்துக்குக் காத்திருப்பாள் என்றே அவள் மனசு அடித்துக்கொண்டது. வலிந்து ஒரு சிரிப்பை முகத்தில் ஒட்டவைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, நீங்க எங்க இங்க?"

"ஒரு சட்டை வாங்க வந்தேன்" என்றாள் பெரியவள்.

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது. அதை எப்படி எடுப்பதென்று சின்னவளுக்குத் தெரியவில்லை.

"உக்காரு."

உட்கார்ந்தாள். பெரியவள் கையை நீட்டினாள். சின்னவள் முதுகுக்குப் பின்னாலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தாள். பெரியவள் அதை உடனே பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"கடையில பழைய ஃப்ரேம் நெறைய கெடக்குதே, வித்துடலாம்னு அந்த ஆப்பை ஏத்தினேன். மத்தவங்க எப்படிப் படம் எடுத்துப் போடறாங்கன்னு பார்த்துக்கிட்டே வந்தேன். திடீர்னு அவர் நிக்கறார்."

"அக்கா..."

"தோளைத் தொங்கப் போட்டுக்கிட்டு, கையைப் பாக்கெட்டுகிட்ட வெச்சுக்கிட்டு, அப்படியே நிக்கறார். கழுத்துக்கு மேலதான் ஒண்ணும் இல்ல. எனக்கு ஒரு நிமிஷம் எதுவுமே புரியலை. அப்புறம்தான் தம்பின்னு தெரிஞ்சுது. அப்புறம்தான் சட்டை யாரோடதுன்னு தெரிஞ்சுது."

சின்னவள் செருப்பு நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பவும் நான் நம்பலை. இந்த மாதிரி நீலச் சட்டை ஊர்ல ஆயிரம் இருக்கும். கடைசிப் படத்தைப் பார்த்தேன்."

கடைசிப் படம். குறைக்கான படம். அண்ணனின் சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் ஒரு குட்டித் திருப்புளி இருக்கும், கண்ணாடிக்கால் திருகுகிற திருப்புளி. அதன் முனை குத்திக் குத்திப் பாக்கெட் மூலையில் ஓட்டை விழும். பெரியவள் அதைப் பின்னித் தைப்பாள். இந்தச் சட்டைக்கு மட்டும் சரியான நூல் கிடைக்காமல் கொஞ்சம் கருநீலத்தில் தைத்திருந்தாள்.

"அது நான் தைச்சது" என்றாள் பெரியவள்.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுதான் அப்படி எழுதினியா? 'சிறு குறை, பாக்கெட்டில் தையல்'னு."

 எழுதியபோது சின்னவளுக்கு உறுத்தவே இல்லை. குறையை மறைக்கக் கூடாது என்பதில்தான் கவனமாக இருந்தாள். எவ்வளவு நேர்மை. இப்போது அந்த வரியை நினைக்க நினைக்க அவளுக்கு அந்த பெஞ்சுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்ளலாம் போல் கூசியது.

பெரியவள் உறையைப் பிரித்தாள். சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.  பிறகு மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"துவைச்சிட்டியா?"

"ரெண்டு தடவை துவைச்சேன்க்கா." சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இது கொக்கியில மாட்டியிருந்தது. அவர் கடைசியாக் கடைக்குப் போறதுக்கு முந்தின நாள் போட்டுக் கழட்டினது. அப்படியேதான் பையில வெச்சேன். வீட்ல இருந்தா நான் பைத்தியமாயிடுவேன்னு பயம்." சட்டையை மடித்தாள். "சரி விடு. இல்லத்துல குடுத்திருந்தாலும் துவைச்சுத்தான் இருப்பாங்க."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் முடியவில்லை. சின்னவள் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

"காசு முடையா? எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"காசுக்கு இல்லக்கா."

"பின்ன?"

 காசுக்கு என்று பொய் சொல்லியிருந்தால்கூட கௌரவமாக இருந்திருக்கும்.

"படம் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க."

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பம் என்று அவள் காதுக்கே கேட்டது. ஒரு மனிதருடைய சட்டைகளை, ஒருத்தி துக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்ததை, இதற்காகவா? பெரியவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். கேலி செய்யவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "நேத்து ராத்திரிலேர்ந்து அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இங்கே தான் அழுவதும் ஒரு நடிப்பாகத் தெரியுமோ என்று பயந்து அடக்கிக்கொண்டாள்.

"காலையில போன் பண்ணினேனே" என்றாள் பெரியவள். "எல்லாம் தெரிஞ்சுதான் பண்ணினேன். அப்பவாவது நீயே சொல்லிடுவேன்னு பார்த்தேன். நீ பேரனைக் கொண்டுவந்தே."

"மன்னிச்சிடுங்கக்கா."

"அந்தத் தாத்தா?"

"அப்படி யாரும் இல்லக்கா."

"தாடி?"

சின்னவள் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"அவரை எனக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு" என்றாள் பெரியவள், வெளியே கிளம்புகிற பேருந்தைப் பார்த்தபடி. "கடையில தாடியோட யாராவது வந்தா, அவரா இருக்குமோன்னு சட்டையைப் பார்ப்பேன். போன மழைக்கு, அவருக்குக் குளிருமேன்னு நெனச்சேன். முட்டாள் மாதிரி."

"நீங்க முட்டாள் இல்லக்கா. நான்தான்..."

"நீ என்னன்னு நான் இன்னும் முடிவு பண்ணலை."

கைப்பையைத் திறந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தாள். கண்ணாடிப் பெட்டி. உள்ளே தடித்த விளிம்புள்ள ஃப்ரேம், வயதானவர்களுக்கு மூக்கில் அழுந்தாமல் உட்காருகிற மாதிரி. அதைச் சின்னவள் கையில் வைத்தாள்.

"இது அவருக்குன்னு எடுத்தது. எனக்குத் திரும்பக் கடையில வைக்க மனசில்ல. நீயே வெச்சுக்கோ. அந்தத் தாத்தாவை எங்கயாவது தேடிக் கண்டுபிடிச்சுக் குடு."

"அக்கா, அப்படி ஒருத்தர் இல்லைன்னு சொன்னேனே."

"ஒரு இல்லத்துக்கும் நீ போனதே இல்லையே. இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சின்னவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் ஒண்ணு. வித்தாச்சுன்னு குறிச்சா அந்தப் படம் போயிடுமா?"

"நான் எடுத்தாத்தான் போகும்க்கா."

"எடுக்காதே."

பெரியவள் எழுந்தாள். சட்டையை உறைக்குள் போட்டு, அதையும் சின்னவள் மடியில் வைத்தாள்.

"உங்களுக்குத்தானேக்கா..."

"சட்டை எனக்கு வேண்டாம். வாசனையும் போயிடுச்சு. தம்பிக்கு நல்லா இருக்கு, அவர்கிட்டக் குடு." சற்று நின்றாள். "அவருக்கு என்னன்னு சொல்லி வெச்சிருக்கே? நான் குடுத்தேன்னா?"

"விக்கச் சொல்லி நீங்க குடுத்ததா சொன்னேன்."

இதுவரைக்கும் அமைதியாக இருந்த பெரியவளின் முகம் அப்போதுதான் மாறியது. மூக்கு நுனி சிவந்தது.

"அண்ணன் துணியை அண்ணி வித்துச் சாப்பிடறான்னு நெனச்சுக்கிட்டா அவர் இத்தனை நாள் என் முகத்தைப் பார்த்தார்?"

சின்னவள் இந்தப் பக்கத்தை யோசித்ததே இல்லை. இரண்டு பொய்களும் கடைசியில் அந்த பெஞ்சுக்கு முன்னால் முட்டிக்கொண்டன.

"இன்னிக்கே சொல்லிடு" என்றாள் பெரியவள். "நீயே சொல்லு. நான் சொல்ற மாதிரி வெச்சுக்காதே."

திரும்பிப் பார்க்காமல் கடைப் பக்கம் நடந்துபோனாள்.

சின்னவள் வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. கணவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தில் ஒரு ஆவல்.

"என்ன சொன்னாங்க? போட்டோ பிடிச்சுதா?" என்று கேட்டவர், அவள் கையிலிருந்த உறையைப் பார்த்தார். ஆவல் வடிந்தது. "வேண்டாம்னுட்டாங்களா?"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"நான் தோளைத் தொங்கப் போட்டது அசிங்கமா இருந்துச்சா? கேட்டாங்கன்னு ரொம்பத் தளர்த்திட்டேன் போல. இன்னொரு தடவை வேணா நேரா நின்னு..."

"இல்லைங்க" என்றாள் அவள். "அந்தத் தோளைப் பார்த்துத்தான் வந்திருந்தாங்க. சட்டை உங்களுக்குத்தான். நீங்களே வெச்சுக்கணுமாம்."

"எனக்கா? யாரு அவங்க?"

"போட்டுக்குங்க. சொல்றேன்."

அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். என்ன ஏதென்று கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டார். சந்தோஷத்தில் கை சரியாக நுழையவில்லை. பழக்க தோஷம், நேரே படுக்கையறைக்குப் போய் விரிப்புக்கு முன்னால் நின்று, இடது தோளைத் தூக்கிக்கொண்டு, அவள் கைபேசியை எடுப்பாள் என்று காத்திருந்தார். ஒரு கை கீழேயிருந்து ஒவ்வொரு பித்தானாகப் போட்டுக்கொண்டு வந்தது.

சின்னவள் கைபேசியை எடுக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு அவருக்கு எதிரில் வந்து நின்றாள். இத்தனை மாதமாக அந்த இடத்தில் நிறுத்தி அவரைக் கழுத்துவரைக்கும்தான் பார்த்திருந்தாள்.

"தோளை இறக்குங்க" என்றாள். "அண்ணி இதை விக்கச் சொல்லவே இல்லைங்க."

கழுத்துப் பித்தானுக்கு வந்திருந்த அவர் கை அங்கேயே நின்றது.